தாய்வழி வந்த குடித்தனம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



கும்பகோணம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வெற்றிலையும் வெண்கலப் பாத்திரமும் நினைவுக்கு வரும். அந்த ஊரில் வளர்ந்த என் தலைமுறைக்கு யானைக்காலும் சேர்ந்தே நினைவுக்கு வரும். 1960களில் எங்கள் தெருவில் இரவு ஒன்பது மணிக்கு மேல் சுகாதாரத் துறை ஊழியர்கள் கதவைத் தட்டுவார்கள். ஒருவர் கையில் டார்ச் விளக்கு, இன்னொருவர் கையில் கண்ணாடிச் சில்லுகள் அடுக்கிய மரப்பெட்டி. தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட பிள்ளைகள் அழுதுகொண்டே விரலை நீட்டுவோம். ‘பகலில் வந்து எடுக்கக் கூடாதா?’ என்று என் தாத்தா கேட்டதும், ‘பகலில் அது வெளியே வராது ஐயா’ என்று அந்த ஊழியர் சொன்னதும் இன்னும் காதில் இருக்கின்றன. எது வராது, ஏன் வராது என்று அன்று எனக்கு விளங்கவில்லை. நான் விலங்கியல் படிக்க வந்ததற்கு அந்த ஒரு வாக்கியமே காரணம்.

எதிர்வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார். வலது கால் முழங்கால் வரை வீங்கியிருக்கும். புடவைக் கொசுவத்தை இழுத்து இழுத்துக் காலை மூடிக்கொண்டே உட்காருவார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் வரமாட்டார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொடை இடுக்கில் நெறி கட்டி, குளிர் நடுக்கி, மூன்று நாள் படுத்துவிடுவார். அவரை இந்த உரையின் முடிவில் மறுபடி நினைவுகூர்வேன்.

இன்று நான் சொல்ல வந்தது ஒரே கருத்து. ஓர் உயிருக்குள் இன்னோர் உயிர் குடியிருக்கும்போது, அந்த உறவு நட்பா பகையா என்பதைக் குடியிருக்கும் உயிரின் சுபாவம் முடிவு செய்வதில்லை. அது அடுத்த தலைமுறைக்கு எந்த வழியாகப் போய்ச் சேருகிறது என்பதே முடிவு செய்கிறது. இதைச் சில எண்ணிட்ட கருத்துகளாக விரிக்கிறேன்.

1. சொல்லில் ஒளிந்திருக்கும் தீர்ப்பு

ஒட்டுண்ணி, புல்லுருவி என்ற சொற்கள் நம் மொழியில் வசவாகவும் வழங்குகின்றன. ஒட்டுண்ணியைத் தாங்கும் உயிருக்கு நம் பாடநூல்கள் வைத்த பெயர் ‘விருந்தோம்பி’. அழகான சொல்தான். ஆனால் ஒருவர் விருந்தோம்புகிறார், மற்றவர் சுரண்டுகிறார் என்ற தீர்ப்பு அதில் முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. ஜெர்மானியத் தாவரவியலாளர் அன்டன் டி பாரி 1878இல் ஆற்றி அடுத்த ஆண்டு அச்சிட்ட உரையில் இந்தத் தீர்ப்பைத் தவிர்த்தார். வேறுபட்ட உயிர்கள் ஒன்றாக வாழ்வதையெல்லாம் ‘கூட்டுவாழ்வு’ என்ற ஒரே சொல்லுக்குள் கொண்டுவந்தார். ஒட்டுண்ணி வாழ்வும் அதற்குள் அடங்கியது. பின்னால் வந்தவர்கள்தாம் அந்தச் சொல்லைப் பரஸ்பர நன்மைக்கு மட்டும் ஒதுக்கினார்கள். நான் படித்த காலத்தில், ‘பழகப் பழக ஒட்டுண்ணி சாதுவாகும், கொடிய ஒட்டுண்ணி புதிதாக வந்த ஒட்டுண்ணி’ என்று கற்பித்தார்கள். அதை நானும் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது பிழை. காலம் மட்டும் எந்த உயிரையும் சாதுவாக்குவதில்லை.

2. கடல்நீர் வழி

தலைமுறைதோறும் வெளியிலிருந்து வந்து சேரும் நுண்ணுயிரை முதலில் பார்ப்போம். ஹவாய்த் தீவுகளின் ஆழமற்ற கடலில் கட்டைவிரல் அளவே உள்ள ஒரு குட்டைவால் கணவாய் வாழ்கிறது. பகலில் மணலில் புதைந்து கிடக்கும். இரவில் இரை தேடும். நிலவொளியில் நீந்தும்போது கீழே நிழல் விழுந்தால் கீழிருக்கும் எதிரி பார்த்துவிடும். அதனால் வயிற்றுப் பக்கத்தில் ஒரு விளக்கை ஏற்றி, மேலிருந்து வரும் ஒளியளவுக்குத் தன் ஒளியைச் சமன் செய்து நிழலை அழித்துக்கொள்கிறது. அந்த விளக்குக்குள் எரிவது விப்ரியோ பிஷ்ஷெரி என்ற பாக்டீரியா.

கணவாய்க் குஞ்சு பொரிக்கும்போது அதன் விளக்கு காலி. கடல்நீரில் உள்ள எண்ணற்ற பாக்டீரியாக்களுக்கு நடுவே இந்த இனம் மிகச் சொற்பம். குஞ்சு கோழை சுரந்து, குற்றிழைகளை அசைத்து நீரைத் திரட்டி, சில மணி நேரத்தில் இந்த ஒன்றை மட்டும் உள்ளே விடுகிறது. உரியவர் வந்து சேர்ந்ததும், நீரைத் திரட்டிய அந்த உறுப்புப் பகுதி சில நாட்களில் சுருங்கி மறைந்துவிடுகிறது. மார்கரெட் மெக்ஃபால்-நையும் எட்வர்ட் ரூபியும் பல பத்தாண்டுகள் உழைத்து இதை விளக்கியிருக்கிறார்கள்.

என்னை மிகவும் கவர்ந்தது விடியற்காலை நடப்பது. ஒவ்வொரு நாளும் கதிர் எழும்போது கணவாய் தன் விளக்கிலுள்ள பாக்டீரியாக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கடலில் உமிழ்ந்துவிடுகிறது. மிச்சமிருப்பவை பகலெல்லாம் பெருகி, இரவுக்குள் விளக்கை நிரப்புகின்றன. ஒளிராத வகை உள்ளே நுழைந்தாலும் அங்கே நிலைப்பதில்லை. வெளியாரைச் சேர்த்துக்கொள்ளும் வீட்டுக்கு வாசற்காவலும் தினசரிக் கணக்கும் தேவைப்படுகின்றன.

3. முட்டை வழி

இனி நேரெதிர் வழி. பயிரில் அசுவினி அடிப்பதை இங்கே விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அசுவினி குடிக்கும் சாற்றில் சர்க்கரை உண்டு; இன்றியமையாத அமினோ அமிலங்கள் போதாது. அவற்றைச் செய்து தருவது அதன் உடலுக்குள் தாயிடமிருந்து குட்டிக்கு வழிவழியாக வரும் புக்னெரா என்ற பாக்டீரியா. இந்தக் குடித்தனத்துக்கு 15 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயது. குடலில் வாழும் ஈ.கோலையின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 46 லட்சம் எழுத்துகள் உண்டு. புக்னெராவிடம் எஞ்சியிருப்பவை 6.4 லட்சம். வெளியே வாழத் தேவையான எல்லாவற்றையும் அது இழந்துவிட்டது. இனி அதற்கு வேறு வீடு கிடையாது.

தாய்வழி வருவது என்றால் உடனே நன்மை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதைக் காட்டவே வோல்பாக்கியாவைக் கொண்டுவருகிறேன்.

1924இல் அமெரிக்காவில் மார்ஷல் ஹெர்டிக், எஸ். பர்ட் வோல்பாக் என்ற இருவர் க்யூலெக்ஸ் கொசுவின் சூலகத்துக்குள் சின்னஞ்சிறு கோல்களைப் போன்ற உயிர்களைக் கண்டார்கள். 1936இல் ஹெர்டிக் அதற்குத் தம் நண்பரின் பெயரைச் சூட்டினார். கொசுவுக்கு எந்த நோயும் இல்லை. எனவே யாரும் பொருட்படுத்தவில்லை.

இந்த பாக்டீரியா செல்லின் கூழ்மத்துக்குள் வாழ்வது. முட்டையில் கூழ்மம் நிறைய உண்டு. விந்தணுவில் அதற்கு இடமே இல்லை. ஆகவே மகளின் உடலில் இருக்கும் வோல்பாக்கியாவுக்குப் பேரப்பிள்ளைகள் உண்டு. மகனின் உடலில் இருப்பதற்கு அத்துடன் வழி அடைபட்டது. இந்த ஒரு கணக்கிலிருந்து அதன் செயல்கள் எல்லாம் புறப்படுகின்றன.

சில உயிர்களில் அது ஆண் கருக்களைக் கொன்றுவிடுகிறது. நம் தோட்டங்களிலும் பறக்கும் ஹைபோலிம்னஸ் போலினா என்ற பட்டாம்பூச்சி சமோவாத் தீவில் 2001இல் நூற்றுக்கு ஓர் ஆண் என்ற நிலைக்கு வந்திருந்தது. ஆனால் பட்டாம்பூச்சியும் சும்மா இருக்கவில்லை. இந்தக் கொலையைத் தடுக்கும் மரபணு ஒன்று பரவி, சில ஆண்டுகளிலேயே ஆண்கள் நூற்றுக்கு 40 அளவுக்குத் திரும்பின. மரப்பேன் வகை ஒன்றில் வோல்பாக்கியா ஆணைப் பெண்ணாகவே வளர வைக்கிறது. கரும்புத் தோட்டத்தில் இடைக்கணுப் புழுவுக்காக முட்டை அட்டை கட்டுகிறோமே, அந்த ட்ரைக்கோகிரம்மா குளவிப் பேரினத்தின் சில வகைகளில், ஆணே இல்லாமல் பெண் பெண்ணையே பெறும்படி செய்கிறது. மருந்து கொடுத்து பாக்டீரியாவை நீக்கினால் ஆண்கள் மீண்டும் பிறக்கின்றன.

க்யூலெக்ஸ் கொசுவில் அது கையாளும் முறை இன்னும் நுட்பமானது. வோல்பாக்கியா உள்ள ஆணின் விந்தணுவில் ஒரு பூட்டு போடப்படுகிறது. அதே வோல்பாக்கியா உள்ள பெண்ணின் முட்டையில் மட்டுமே சாவி இருக்கிறது. சாவியில்லாத பெண்ணோடு அந்த ஆண் சேர்ந்தால் முட்டைகள் பொரிக்காது. எனவே வோல்பாக்கியா உள்ள பெண்களின் வாரிசுகள் மட்டும் கூட்டத்தில் பெருகிக்கொண்டே போகும். ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் லாவென் இந்தப் பொருந்தாமையை மட்டும் வைத்துக்கொண்டு, 1967இல் பர்மாவின் ரங்கூன் அருகே ஒக்போ என்ற கிராமத்தில் பொருந்தாத ஆண் கொசுக்களை நாள்தோறும் விட்டு, அந்த ஊர்க் கொசுக்கூட்டத்தையே இல்லாமல் செய்து காட்டினார். காரணம் ஒரு பாக்டீரியா என்பது அப்போது தெரியாது. 1971இல் ஜெனிஸ் யென், ரால்ஃப் பார் இருவரும் கொசுவுக்கு டெட்ராசைக்ளின் கொடுத்துப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

4. புழுவுக்குள் அதே குடும்பம்

இப்போது என் தாத்தாவின் கேள்விக்கு வருகிறேன். நான் முதுகலை படித்தபோது என் அறை நண்பனுக்கு இரவு ரத்தப் பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிந்தது. அவன் சம்மதத்தோடு ஒரு நள்ளிரவில் அவன் விரல் ரத்தத்தை உறைவதற்கு முன்பே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். முதலில் புழு கண்ணில் படவில்லை. சிவப்பணுக்கள் ஓரிடத்தில் மட்டும் குலுங்கின. யாரோ கூட்டத்தை முழங்கையால் தள்ளுவதுபோல அவை விலகி விலகி வழிவிட்டன. அந்த இடைவெளியில் ஒரு மெல்லிய பாம்பு துள்ளியது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குக்குச் சற்று மேல். இரண்டு முனைகளிலும் உடலைவிட நீண்ட ஓர் உறை, தொளதொளத்த சட்டைக் கைபோல், அதனோடு சேர்ந்து அசைந்தது. மறுநாள் பகலில் எடுத்த ரத்தத்தில் ஒன்றும் இல்லை. இரவில் கடிக்கும் க்யூலெக்ஸ் கொசுவுக்காக அவை இரவில் தோல்பரப்பின் ரத்தத்துக்கு வருகின்றன. பகலில் நுரையீரல் நாளங்களில் தங்கிவிடுகின்றன. இதுவும் வழி பற்றிய செய்திதான்.

யானைக்கால் புழுவின் இந்தக் குஞ்சுகளை டிமோதி லூயிஸ் 1872இல் கல்கத்தாவில் மனித ரத்தத்தில் கண்டார். 1877இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் அவை கொசுவுக்குள் வளர்வதைக் கண்டார். தாய்ப்புழு நூலிழை போல மெலிந்தது. எட்டுப் பத்து சென்டிமீட்டர் நீளம். நிணநீர் நாளங்களில் ஆண்டுக்கணக்கில் வாழும். நூறாண்டுக்கு மேல் நாம் மனிதன், புழு, கொசு என்ற மூவரை மட்டுமே எண்ணினோம்.

நான்காமவர் 1970களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தென்பட்டார். நாய்களின் இதயப்புழு முதலிய ஃபைலேரியாப் புழுக்களின் செல்களுக்குள் பாக்டீரியா போன்ற உருக்கள் இருந்தன. படம் எடுத்தார்கள், எழுதினார்கள், பிறகு மறந்தார்கள். 1995இல் இத்தாலிய ஆய்வாளர்கள் மரபணு வரிசையைப் படித்தபோது, அவை வோல்பாக்கியா என்று தெரிந்தது. யானைக்கால் புழுவிலும் அதே குடும்பம்தான்.

புழுவின் தோலுக்கடியிலுள்ள பக்கவாட்டு நாண்களில் அவை குடியிருக்கின்றன. பெண்புழுவின் சூலகத்திலும் முட்டையிலும் கருவிலும் நிறைந்திருக்கின்றன. ஆண்புழுவின் இனப்பெருக்கக் குழாயில் இல்லை. இங்கும் தாய்வழிதான். ஆனால் பூச்சியில் ஆதிக்கம் செய்த அதே குடும்பம் புழுவுக்குள் உழைப்பாளியாகிவிட்டது. 2005இல் வெளியான அதன் மரபணுத் தொகுதி 10.8 லட்சம் எழுத்துகள் கொண்டது. புழுவால் செய்துகொள்ள முடியாத ஹீம் என்ற இரும்புச் சேர்மத்தைச் செய்யும் வழி அதனிடம் உண்டு; ரைபோஃப்ளேவின் செய்யும் வழியும் உண்டு. அமினோ அமிலங்களை அது பெரும்பாலும் புழுவிடமே பெறுகிறது.

இந்த உறவு எவ்வளவு ஆழமானது என்பதை 1999இல் ஹாம்பர்க்கில் அகிம் ஹோராஃப் குழுவினர் காட்டினர். கொறிவிலங்குகளில் வாழும் ஒரு ஃபைலேரியாப் புழுவுக்கு டெட்ராசைக்ளின் கொடுத்தார்கள். பாக்டீரியா அழிந்தது, புழு வளர்ச்சி குன்றி மலடானது. வோல்பாக்கியா இல்லாத இன்னொரு ஃபைலேரியாப் புழுவுக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்து புழுவைத் தொடவில்லை, துணையைப் பறித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பிறகு தான்சானியாவில் யானைக்கால் புழு உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் எட்டு வாரம் கொடுத்தார்கள். அதன் முடிவு 2005இல் வெளிவந்தது. பதினான்கு மாதம் கழித்து ஸ்கேனில் பார்த்தபோது, பெரும்பாலோரின் நிணநீர் நாளங்களில் நெளிந்துகொண்டிருந்த தாய்ப்புழுக்களைக் காணவில்லை.

இதனோடு சேர்த்து ஒரு பழைய மனத்தாங்கலையும் சொல்ல வேண்டும். யானைக்கால் தடுப்புக்காக வீடுவீடாக டி.ஈ.சி. மாத்திரை கொடுக்கும் பணியில் மாணவர்களோடு நானும் போயிருக்கிறேன். ‘நல்லா இருந்தவனுக்கு மாத்திரை கொடுத்துக் காய்ச்சல் வர வெச்சிட்டீங்களே’ என்று ஒரு தாய் எங்களிடம் சண்டைக்கு வந்தார். எங்களிடம் அன்று சரியான பதில் இல்லை. இன்று உண்டு. மருந்து பட்டுக் குஞ்சுப்புழுக்கள் கூட்டமாகச் சாகும்போது அவற்றுக்குள் இருந்த வோல்பாக்கியா ரத்தத்தில் சிதறுகிறது. உடல் அந்த பாக்டீரியாவைக் கண்டு கொதிக்கிறது. காய்ச்சல் வந்தவர் ‘நல்லா இருந்தவர்’ இல்லை. அவர் ரத்தத்தில் புழு நிறைய இருந்தது. ஆப்பிரிக்காவில் ஆற்றோர ஊர்களைக் குருடாக்கிய ஆங்கோசெர்கா புழு நோயிலும் கண்ணின் கருவிழியைக் கெடுக்கும் அழற்சியில் வோல்பாக்கியாவுக்குப் பெரும் பங்கு உண்டு என்று 2002இல் சுண்டெலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. புழுவுக்கு நண்பனாக இருக்கும் உயிர், அதே வீட்டின் வெளிச்சுவரான மனிதனுக்குத் தீயாகிறது. மனிதனின் நலத்தில் அதற்கு எந்தப் பங்கும் இல்லையே! அதன் வழி புழுவின் முட்டையோடு முடிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஊர் க்யூலெக்ஸ் கொசுவிலும் வோல்பாக்கியா உண்டு. அந்தக் கொசுவின் மார்புத் தசையில் இரண்டு வாரம் வளரும் புழுவிலும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல, ஒரே குடும்பத்தின் பிரிந்துபோன இரு கிளைகள். ஒரு கொசுவின் உடலுக்குள், ஒன்று கொசுவின் சூலகத்தில் தன் வழியைப் பார்க்கிறது, மற்றொன்று புழுவுக்குள் தன் வழியைப் பார்க்கிறது.

5. மறுப்பும் விடையும்

என் மாணவி ஒருவர் இந்தக் கருத்தைக் கேட்டுவிட்டு, ‘ஐயா, லோவா லோவாப் புழுவில் வோல்பாக்கியாவே இல்லையே’ என்றார். நியாயமான கேள்வி. ஆப்பிரிக்கக் கண்புழுவான அதில் இல்லை. அது நன்றாகவே வாழ்கிறது. வேறு சில புழுக்களில் பாக்டீரியா இல்லை, ஆனால் அதன் மரபணுத் துண்டுகள் புழுவின் மரபணுத் தொகுதிக்குள் கிடக்கின்றன. ஒரு காலத்தில் குடியிருந்து, பின் குடிபெயர்ந்த வீட்டின் சுவரில் ஆணிகள் மிச்சமிருப்பதுபோல. எனவே தாய்வழி வந்த துணை என்றென்றும் பிரியாது என்று நான் சொல்லவில்லை. பூச்சிகளில் ஏறக்குறைய பாதி இனங்களில் வோல்பாக்கியா இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்கு அரிதாகவேனும் தாவாமல் அது இவ்வளவு பரவியிருக்க முடியாது. தாவுதல் அரிது, தாயிடமிருந்து வருவதே அன்றாடம். அன்றாட வழிதான் குணத்தைச் செதுக்குகிறது.

6. வழியை நாம் அமைத்தால்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவில் இயல்பாக வோல்பாக்கியா இல்லை. ஆஸ்திரேலியாவின் ஸ்காட் ஓ'நீல் குழுவினர் பழ ஈயிலிருந்து எடுத்த வோல்பாக்கியாவை அதன் முட்டையில் செலுத்தினார்கள். அது உள்ளே இருந்தால் டெங்கு வைரஸ் கொசுவில் சரியாகப் பெருகுவதில்லை. 2011இல் கேர்ன்ஸ் நகரப் பகுதிகளில் அக்கொசுக்களை விட்டார்கள். பூட்டும் சாவியும் மீதி வேலையைச் செய்தன. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த சோதனையில் டெங்கு 77 விழுக்காடு குறைந்ததாக 2021இல் முடிவு வெளியானது. நமக்கு அருகே புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையமும் வோல்பாக்கியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022இல் அறிவித்தது. கொசுவை விடுவதா என்று மக்கள் அஞ்சுவது இயற்கை. அவர்களோடு அமர்ந்து பேசாமல் ஒரு கொசுவைக்கூட விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

யானைக்கால் நோயில் டாக்சிசைக்ளின் வழி இன்னும் எல்லாருக்கும் திறக்கவில்லை. வாரக்கணக்கில் சாப்பிட வேண்டும். கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை. சில நாட்களிலேயே வோல்பாக்கியாவை ஒழிக்கும் மருந்தைத் தேடுகிறார்கள். இந்த அரங்கில் உள்ள மாணவர்களில் ஒருவராவது அந்தத் தேடலில் சேர வேண்டும் என்பது என் ஆசை. இலங்கை இந்த நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. பக்கத்து நாட்டால் முடிந்தது நம்மாலும் முடியும்.

7. பெரியம்மாவின் காய்ச்சல்

எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு வந்த குளிர்காய்ச்சலுக்குப் புழுவே நேர்க்காரணம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். பின்னால்தான் படித்தேன். அத்தகைய காய்ச்சல்களில் பெரும்பாலானவை வீங்கிய காலின் விரலிடுக்கு வெடிப்பு வழியாக நுழையும் சாதாரணத் தோல் பாக்டீரியாக்களால் வருகின்றன. நிணநீர் ஓட்டம் கெட்ட காலில் அவற்றைத் துரத்த ஆளில்லை. ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் வீக்கம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. அந்தக் கிருமிக்குத் தாய்வழியும் இல்லை, கொசுவழியும் இல்லை. விரலிடுக்கு ஒன்றே அதன் வழி. அதை யாரும் பெரியம்மாவுக்குச் சொல்லவில்லை. கடைசிவரை அவர் அந்தக் காலை மூடி மூடியே வைத்திருந்தார்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ கால் வீங்கிய ஒருவர் இருப்பார். தினமும் அந்தக் காலைச் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு மெல்லக் கழுவச் சொல்லுங்கள். விரலிடுக்குகளை மெல்லிய துணியால் ஈரம் போக ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். வெடிப்பு இருந்தால் மருத்துவரிடம் காட்டி மருந்து போடச் சொல்லுங்கள். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலைச் சற்று உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். அவரால் குனிய முடியாவிட்டால் நீங்களே கழுவிவிடுங்கள்.